ஏறுவோர்க்கு வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் நின்று பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்தவன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளப் பட்டியலைச் சரிபார்ப்பதே பிழைப்பாகக் கொண்ட இரயில்வே எழுத்தன். கூட்டலில் பிழை கண்டுபிடிக்கத் தெரியுமேயன்றிச் சொற்பொழிவு செய்யத் தெரியாது. எனினும் நம் செயலாளர் அவர்கள் என்னை விடவில்லை. "சென்ற பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு டார்ஜிலிங் மலைக்குச் சென்று வந்தீர்களே, அதைச் சொல்லுங்கள், போதும்" என்றார்கள். போய் வந்த கதைதானே என்று நானும் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அந்த ஒரு நாள் பயணத்தைச் சொல்ல வேண்டுமானால் என் குற்றம் ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது. சபையோர் பொறுத்தருள வேண்டும்.

கரக்பூரில் குடியிருக்கும் நம் போன்றோருக்கு விடுமுறை என்றால் அது தெற்கே செல்லும் வண்டிதான். பாஸ் எழுதுவோம், மூட்டை கட்டுவோம், சொந்த ஊருக்குச் சென்று, கலியாணம், காதுகுத்து, கோயில் எல்லாவற்றையும் பத்து நாளில் முடித்துக்கொண்டு திரும்புவோம். வங்காளத்து உப்பைத் தின்று இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும், அதன் வடக்கு எல்லையில் நிற்கும் இமயத்தை நான் கண்டதில்லை. "இந்த ஒரு முறை மலைக்குப் போவோம், அப்பா" என்று கேட்டவள் என் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதற்கு நான் இசைந்ததில் ஒரு சூழ்ச்சி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரவு வண்டியில் ஏறி நியூ ஜல்பாய்குரியில் இறங்கினோம். நான், என் இல்லாள், மகள், பத்து வயது மகன் ஆக நால்வர். அங்கே ஒரு பழைய ஜீப்பை வாடகைக்கு அமர்த்தினோம். அதன் ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்த நேபாளி மொழிக்காரர். நேபாளியில் அண்ணனைத் 'தாஜு' என்பார்களாம். என் பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் அவரைத் தாஜு ஆக்கிக்கொண்டார்கள். அவரும் என் மகளை 'நானி' என்று, குழந்தையை அழைப்பது போல் அழைக்கலானார்.

டார்ஜிலிங்குக்கு மலையேற இன்று பல பாதைகள் உண்டு. பெரும்பாலான வண்டிகள் ரோஹிணி சாலை வழியாகவே விரைவில் ஏறிவிடுகின்றன. தாஜுவும் அதையே சொன்னார். நான்தான் பிடிவாதமாகப் பழைய ஹில் கார்ட் சாலையில் போக வேண்டும் என்றேன். காரணம், அந்தச் சாலையோடு கைகோத்துக்கொண்டு ஒரு இரயில் பாதை ஏறுகிறது. இரயில்வேக்காரனுக்கு மலையைவிட மலைமேல் போகும் தண்டவாளம் பெரிதல்லவா?

மாட்டு வண்டிகள் செல்வதற்காக 1860-களில் அமைக்கப்பட்டது அந்தச் சாலை. அக்காலத்தில் சமவெளியிலிருந்து அரிசியும் பிற பண்டங்களும் வண்டிகளில் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் விலை இரட்டிப்பாகிவிடுமாம். இதைக் கண்ட ஃபிராங்க்ளின் பிரஸ்டேஜ் என்னும் இரயில்வே அதிகாரி, சாலையின் ஓரத்திலேயே சிறு இரயில் ஒன்றை ஓட்டலாம் என்று திட்டம் தந்தார். 1879-இல் தொடங்கிய வேலை 1881-இல் டார்ஜிலிங்கைத் தொட்டது. இரண்டே அடி அகலமுள்ள பாதை. இன்று நியூ ஜல்பாய்குரியிலிருந்து 88 கிலோமீட்டர் நீளம். 1999-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நம் நீலகிரி மலை இரயில் 2005-இல் இதனோடு சேர்ந்தது.

நீலகிரி இரயிலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நம் வண்டிக்குக் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் இருக்கிறது. இஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலேறும். டார்ஜிலிங் வண்டிக்கு அந்தத் துணை இல்லை. வெறும் சக்கரத்தின் பிடிமானமே துணை. நீராவி இஞ்சினின் முகப்பில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு, சக்கரம் வழுக்காதிருக்கத் தண்டவாளத்தில் கையால் மணல் தூவுவது இதன் வழக்கம்.

சிலிகுரியை விட்டுச் சுக்னாவைத் தாண்டியதும் சால மரக் காடு தொடங்கியது. மகானந்தா வனவிலங்குச் சரணாலயம் அது. இளவெயில் நெடிய மரங்களுக்கிடையே கீற்றுக் கீற்றாக விழுந்தது. சமவெளியின் புழுக்கம் பின்தங்கி, ஈர மண்ணின் மணம் கமழ்ந்தது. ரங்டங்கைக் கடந்தபின் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறத் தொடங்கியது. இரயில் பாதை ஒரு கணம் நம் வலப்பக்கம் இருக்கும். மறுகணம் சாலையைக் குறுக்கே கடந்து இடப்பக்கம் போகும். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படிச் சாலையைக் கடக்கிறதாம்! கேட்டுமில்லை, கேட்மேனுமில்லை. என் மகன் அதை எண்ணத் தொடங்கி முப்பதில் விட்டுவிட்டான்.

திந்தாரியாவில் தேநீர் அருந்தினோம். அந்த இரயிலின் பணிமனை அங்கேதான் இருக்கிறது. அதற்கும் கயாபாரிக்கும் இடையே, இதுவரை காகிதத்தில் மட்டுமே படித்த ஒன்றைக் கண்ணால் கண்டேன். சின்னஞ்சிறு வண்டி ஒன்று மலைச்சரிவில் ஏறி வந்தது. ஏறி வந்த பாதை ஓரிடத்தில் முடிந்துவிட்டது, எதிரே மலை. வண்டி நின்றது. பாயிண்ட்ஸ்மேன் தடத்தை மாற்றினார். வண்டி பின்புறமாகவே சரிவில் ஏறியது. சிறிது தூரம் சென்று மறுபடி நின்றது. மீண்டும் தடம் மாற்றினார்கள். இப்பொழுது முன்னோக்கிப் புறப்பட்டுச் சென்றுவிட்டது. முன்பு நின்ற தண்டவாளம் அதற்குக் கீழே கிடந்தது! ஆங்கில எழுத்து 'இசட்' வடிவில் அமைந்த இத்தகைய இடங்கள் அந்தப் பாதையில் ஆறு உள்ளன. வளைந்து ஏறுவதற்கு இடமில்லாத மலையில், பின்வாங்கியே உயரத்தை அடையும் உபாயம் இது.

"பின்னால் போவது தோல்வி என்று நினைத்திருந்தேன், அப்பா" என்றாள் என் மகள். நான் பதில் சொல்லவில்லை. அவள் இரயிலைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்பொழுது என் சூழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு நிலவியல் படிக்க வேண்டும் என்று ஆசை. பாறையும் மண்ணும் மலையும் எவ்வாறு உண்டாயின என்னும் படிப்பு. அதற்கு வெளியூர் சென்று விடுதியில் தங்கவேண்டும். படித்த பிறகும் சுத்தியலோடு காடு மலையெல்லாம் திரியவேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. இங்கேயே ஒரு கல்லூரியில் வணிகவியல் படித்து, இரயில்வே தேர்வெழுதி, என்னைப் போல் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்றேன். ஆறு மாதமாக வீட்டில் இதே வழக்கு. மலைப்பாதையின் அபாயத்தை ஒரு முறை நேரில் கண்டால் அவளே பயந்து ஆசையை விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அதற்காகவே டார்ஜிலிங்குக்கு இசைந்தேன். தந்தையின் அன்புதான் அது. ஆனால் நேர்மையான அன்பு என்று சொல்ல முடியாது.

கயாபாரியைத் தாண்டிச் செல்லும்பொழுது, சாலை குறுகிய ஒரு வளைவில், மேலிருந்து பெரிய புத்தம்புதிய கார் ஒன்று எங்கள் எதிரே வந்துவிட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் கடக்க இடமில்லை. ஒருபுறம் பாறைச் சுவர். மறுபுறம் கீழே பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். சமவெளியாயிருந்தால் என்ன நடக்கும்? இரண்டு ஓட்டுநரும் ஹார்னை அழுத்துவார்கள். பிறகு கீழே இறங்கி ஒருவர் பரம்பரையை மற்றவர் விசாரிப்பார்கள். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெரிய கார் மெள்ளப் பின்வாங்கியது. ஐம்பதடி தூரம் பின்னோக்கியே ஏறி, சாலை சற்று அகன்ற இடத்தில் மலையோரமாக ஒதுங்கி நின்றது. எங்கள் கிழட்டு ஜீப் உறுமிக்கொண்டு கடந்தது. இரு ஓட்டுநரும் கையசைத்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டேன்.

"இல்லை, பாபு. நாம் ஏறுகிறோம், அவர் இறங்குகிறார். இறங்குகிறவர்தான் வழி விடவேண்டும்" என்றார் தாஜு.

இது மலைவாசிகளின் மரியாதை மட்டுமன்று, சட்டமுங்கூட. மலைச்சாலையில் இரு வண்டிகள் கடக்கப் போதிய அகலமில்லாத இடத்தில், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு முதலிடம் தரவேண்டும் என்று நம் நாட்டுச் சாலை விதிகளிலேயே இருக்கிறது. காரணத்தைத் தாஜு எளிமையாகச் சொன்னார். "ஏறுகிற வண்டி சரிவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம். பாரம் பின்னால் இழுக்கும். பழைய வண்டியானால் பின்னுக்கே உருண்டுவிடும். இறங்குகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. பிரேக்கை விட்டால் மலையே அவனை இறக்கிவிடும்."

சிறிது தூரத்தில் பாக்லாஜோரா என்னும் இடம் வந்தது. பித்துப் பிடித்த ஓடை என்று பொருள். பெயருக்கேற்ற இடம். 2010-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அங்கே மலை சரிந்து, சாலையையும் இரயில் பாதையையும் ஒருசேர அடித்துச் சென்றது. அடுத்த ஆண்டு திந்தாரியாப் பகுதியிலும் சரிவு. அடிவாரத்திலிருந்து டார்ஜிலிங் வரை முழுப் பாதையிலும் மறுபடி இரயில் ஓட 2015 டிசம்பர் ஆயிற்று.

இதுதான் நான் காத்திருந்த இடம். வண்டியை நிறுத்தச் சொன்னேன். "பார்த்தாயா? மலை என்றால் இதுதான். இங்கேயெல்லாம் நீ வந்து நிற்கவேண்டுமா?" என்றேன்.

அவள் பயப்படவில்லை. சரிவின் வெட்டுமுகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, தன் தம்பிக்குச் சொல்லத் தொடங்கினாள். "நம் நீலகிரி மலை கிழவர், அதன் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி வயது. இமயம் குழந்தை. இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்து ஆசிய நிலப்பரப்போடு மோதி, இது எழும்பத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. மோதிய வேகத்தில் பாறையெல்லாம் நொறுங்கி மடிந்து கிடக்கிறது. அதனால்தான் பெருமழை பெய்தால் சரிகிறது. எங்கே சரியும் என்று முன்கூட்டியே படித்துச் சொல்ல ஆள் வேண்டாமா? சொன்னால் அந்த இடத்தில் வீடு கட்டமாட்டார்கள் அல்லவா?"

தாஜு அதைக் கேட்டுத் தலையசைத்தார். தமிழ் அவருக்குப் புரியவில்லை. என் மகள் இந்தியிலும் சொன்னாள். "நானி சொல்வது சரி. எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால்..." என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. வண்டியைக் கிளப்பினார். நாங்களும் கேட்கவில்லை.

எந்த இடத்தைக் காட்டிப் பயமுறுத்த எண்ணினேனோ, அந்த இடமே என் மகள் பக்கம் சாட்சி சொல்லிற்று.

அதன்பின் வழிநெடுகத் தேயிலைத் தோட்டங்கள். முதுகில் கூடையும் நெற்றியில் அதன் கச்சையுமாகப் பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தனர். நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் இதே வேலையைச் செய்தும், செய்துகொண்டும் இருப்பவர் நம் தமிழ்ப் பெண்கள். இங்கே மொழி வேறு. முதுகின் பாரம் ஒன்றே. குர்சியாங்கை அடுத்த கித்தாபஹாடில், 1936-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வீட்டுக் காவலில் வைக்கப்பட்ட இல்லம் இருக்கிறது. அவருடைய தமையனார் சரத் சந்திர போஸின் வீடு அது. மலேயாவில் நம் தமிழர் ஆயிரக்கணக்கில் திரண்டு அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்ததை நினைத்துக்கொண்டேன்.

குர்சியாங்கில் சோறும் பருப்பும் உண்டோம். கடைத்தெருவின் நடுவிலேயே தண்டவாளம் செல்கிறது. அதற்குப்பின் பைன் மரங்களும் மேகமும். சோனாடாவில் மேகம் சாலைக்கே இறங்கி வந்துவிட்டது. முன்னே செல்லும் வண்டியின் விளக்கு மட்டும் சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது. என் இல்லாள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு முருகனை வேண்டிக்கொண்டிருந்தாள். சிலிகுரியில் வியர்த்துக்கொண்டு புறப்பட்ட நாங்கள், சாயங்காலம் கூம் நிலையத்தை அடைந்தபொழுது பல் கிட்டிற்று. அதன் உயரம் 2,258 மீட்டர். இந்தியாவிலேயே உயரமான இரயில் நிலையம் அதுதான்.

கூமில் ஓர் அதிசயம் உண்டு. நாள் முழுதும் ஏறி வந்தோமே, டார்ஜிலிங் இன்னும் மேலே இருக்கும் என்றுதானே எண்ணுவோம்? அன்று. கூமிலிருந்து டார்ஜிலிங்குக்கு இறங்க வேண்டும். கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டரும் இறக்கமே. காலை முதல் ஏறுகிறவர்களாக இருந்த நாங்கள், கூமைத் தாண்டியதும் இறங்குகிறவர்களாகிவிட்டோம். அதை நான் அப்பொழுது உணரவில்லை. சற்று நேரத்தில் உணர்த்தப்பட்டேன்.

ஓரிடத்தில் சாலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்ததால் பாதி வழிதான் திறந்திருந்தது. நாங்கள் அதனுள் நுழைந்து பாதி தூரம் வந்துவிட்டோம். எதிரே எரிவாயு உருளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு லாரி முனகிக்கொண்டு ஏறி வந்தது. தாஜு வண்டியை நிறுத்தினார். எனக்கோ களைப்பு, குளிர், இருட்டுவதற்குள் விடுதியைச் சேரவேண்டும் என்ற பரபரப்பு. "நாம்தான் முதலில் நுழைந்தோம். அவன் பின்னால் போகட்டும்" என்றேன்.

தாஜு திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். "பாபு, காலையில் நமக்கு வழி விட்டவரும் முதலில் நுழைந்தவர்தான்" என்றார். அவ்வளவே. கழுத்தைத் திருப்பிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக வண்டியைப் பின்னோக்கி மேலே ஏற்றினார். அகன்ற இடத்தில் மலையோரமாக ஒதுக்கி, முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தினார். லாரி எங்களைக் கடந்தது. அதை ஓட்டிய பையனுக்கு இருபது வயதுகூட இராது. நெற்றியில் கைவைத்து எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

என் மகள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருப்பேன், பேசாததால் யோசித்தேன்.

பெரியோர்களே! என் தந்தையார் தண்டவாளப் பராமரிப்பில் தொழிலாளியாயிருந்தவர். பணியிலிருக்கும்பொழுதே காலமானார். நான் அப்பொழுதுதான் பத்தாம் வகுப்பு தேறி, மேலே படிக்கும் ஆசையோடு இருந்தேன். வயது வந்ததும் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. தாயையும் தங்கையரையும் காப்பாற்ற அதை ஏற்றுக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆறு மாதமாக என் மகளிடம் நான் சொல்லிவந்த வாதம் என்ன தெரியுமா? "நான் விட்டுக்கொடுக்கவில்லையா? நீயும் விட்டுக்கொடு" என்பதுதான். நான் ஏறும்பொழுது வழி அடைபட்டது. ஆகவே நீ ஏறும்பொழுது நான் வழியை அடைப்பேன் என்பதற்கு இதைவிட நாகரிகமான சொற்கள் இல்லை! முதலில் நுழைந்தவன் என்ற ஒரே உரிமையை வைத்துக்கொண்டு, ஏறி வரும் வண்டிக்கு எதிரே விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றவன் நான்.

சற்றுக் கீழே பதாசியா வளைவு. இரயில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு உயரத்தைக் குறைத்துக்கொள்ளும் இடம். நாட்டுக்காக உயிர் நீத்த கூர்க்கா வீரர்களின் நினைவுச் சின்னம் அங்கே நிற்கிறது. அருகே வண்டியை நிறுத்தி இறங்கினோம். அவ்வளவு நேரம் மூடியிருந்த மேகம் வடக்கே சற்று விலகிற்று. கஞ்சன்ஜங்கா தெரிந்தது. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம், 8,586 மீட்டர். கீழே பள்ளத்தாக்குகளில் இருள் சேர்ந்துவிட்டது. அதன் முடியில் மட்டும் கதிரவன் இருந்தான். முதலில் பொன்னாக இருந்தது, பிறகு செம்மையாயிற்று, பிறகு சாம்பல் நிறமாகி மறைந்தது. பத்து நிமிடத்திற்கு மேல் இராது. எங்கள் நால்வரில் ஒருவரும் பேசவில்லை. என் மகன்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்தச் சிகரத்தைப் பற்றி என் மகள் சொன்ன செய்தி இது. 1955 மே 25-ஆம் நாள் ஜோ பிரௌன், ஜார்ஜ் பேண்ட் என்னும் இரு ஆங்கிலேயர் முதன்முதலில் அதன் மீது ஏறினர். சிக்கிம் மக்களுக்கு அந்த மலை தெய்வம். முடியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு வாக்களித்திருந்தார்கள். ஆகவே உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். பின்வந்த பலரும் அவ்வழக்கத்தைக் காத்தனர். எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறியவன், கடைசிச் சில அடிகளை இன்னொருவர் மனத்துக்காக விட்டுவிட்டு வந்தான்! ஆறு மாதமாக ஓரடிகூட விட்டுக்கொடுக்காத எனக்கு அது உறைத்தது.

ஜீப்புக்குத் திரும்பும்பொழுது மகளிடம், "நிலவியல் படிக்க எந்தெந்த ஊரில் கல்லூரி இருக்கிறது?" என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. "நிஜமாகவா, அப்பா?" என்றாள். "தாஜு வழி விடச் சொல்லிவிட்டாரே" என்றேன். டார்ஜிலிங் விளக்குகள் கண்ணில் படும் வரை அவள் என் கையை விடவில்லை. என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவள் மலையேறும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எனக்குத் தூக்கம் வராது. வழி விடுவது என்றால் கவலையை விடுவது என்று பொருளன்று.

இன்று அவளுடைய தேர்வுகள் முடிந்துவிட்டன. மூன்று ஊர்களுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. இடம் கிடைக்குமோ, கிடைக்காதோ. அது அவள் மதிப்பெண்ணைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் தந்தையின் கையொப்பத்துக்கென்று இருந்த இடத்தை மட்டும் நான் நிரப்பிவிட்டேன். சம்பளப் பட்டியலில் எத்தனையோ ஆயிரம் கையொப்பம் இட்டவன். இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்த கையொப்பம் வேறில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் சங்கத்தில் என் வயதினரும் என்னினும் மூத்தோரும் நிறைய உள்ளோம். பலர் தத்தம் கூம் நிலையத்தைக் கடந்துவிட்டோம். நம் வீடுகளில் ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவனுக்கு ஓவியம், ஒருத்திக்கு விளையாட்டு, இன்னொருவனுக்கு நாம் பெயர்கூடக் கேட்டிராத ஏதோ ஒரு படிப்பு. ஏறுகிற வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம் என்று தாஜு சொன்னதை நாம் மறக்கலாகாது. அவ்வாறே இந்தச் சங்கத்து மேடையும். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசும் நம் பிள்ளைகளைப் பார்த்து நாம் சிரித்தால், அடுத்த ஆண்டு அவர்கள் மேடைக்கே வரமாட்டார்கள். சற்றே ஒதுங்கி நின்று அவர்களைப் பேசவிடுவோம். பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பிழை திருத்துவது என் தொழில். அதற்கு நான் பொறுப்பு!

மலைக்குப் போக விரும்பும் குடும்பங்களுக்கு ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன். காலையிலேயே புறப்படுங்கள், கம்பளி எடுத்துச் செல்லுங்கள், மழைக்காலத்தைத் தவிருங்கள். அந்த மலையில் பிறந்து வளர்ந்த ஓட்டுநரையே அமர்த்திக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் பழைய சாலையிலேயே ஏறுங்கள். குப்பையை மலையில் வீசாதீர்கள். எதிரே ஒரு வண்டி ஏறி வந்தால், ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்யவேண்டாம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!